வளரும் பிள்ளைக்கு வளரும் நாற்காலி!

இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுக் குட்டி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது, மெல்லக் குனிந்து மேஜைக்கு அடியில் பாருங்கள். இரண்டு பிஞ்சுக் கால்களும் அந்தரத்தில் ஊஞ்சல் ஆடிக் கொண்டிருக்கின்றனவா? அல்லது ஒரு காலை மடித்து மேலே போட்டு, மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறதா? 'எப்பப் பார்த்தாலும் ஆட்டம்தான், ஒரு இடத்துல ஒழுங்கா உட்காருதா பாரு!' என்று அதட்டப் போகிறீர்கள், இல்லையா? ஒரு நிமிஷம் பொறுங்கள். தப்பு குழந்தையின் மேல் இல்லை. நாற்காலியின் மேல்!

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். என் பெண்ணுக்கு அப்போது நாலு வயசு. மேஜை எட்டவில்லை என்று நாற்காலியின் மேல் இரண்டு தலையணையைப் போட்டு, அதன் மேல் அவளை உட்கார வைத்திருந்தோம். ஒரு நாள் காலை, தோசைக்குச் சட்னி எடுக்க எட்டினாள். தலையணை சறுக்கியது. மேஜை விளிம்பில் மோவாய் இடித்து, நாலு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது ஆட்டோவில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் சொன்னார்: "நாங்க எல்லாம் மணைப்பலகையில உட்கார்ந்து சாப்பிட்டோம். யாராவது விழுந்தோமா?"

அத்தை சொன்னதில் நியாயம் இருக்கிறது. சம்மணம் போட்டுத் தரையில் உட்காருவது குழந்தைக்கு நல்ல பழக்கம். வீட்டில் அது இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஆனால் இன்று பல வீடுகளில் சாப்பாடு மேஜைக்குப் போய்விட்டது. வீட்டுப் பாடமும் மேஜையில்தான். அந்த மேஜையும் நாற்காலியும் பெரியவர்களின் அளவுக்குச் செய்தவை. அப்பாவின் சட்டையைக் குழந்தைக்குப் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவோமா? நாற்காலியில் மட்டும் அதைத்தான் தினமும் செய்கிறோம்!

கால் தொங்கினால் என்ன ஆகும்?

சாதாரண நாற்காலியின் உயரம் சுமார் 18 அங்குலம். நாலு வயசுக் குழந்தையின் முழங்காலின் பின்பக்கத்திலிருந்து உள்ளங்கால் வரை அளந்தால் 10 அங்குலம் இருக்கும். மீதி 8 அங்குலம் அந்தரம்தான்.

கால் ஊன்றாதபோது காலின் கனம் முழுவதும் தொடையின் அடியில், நாற்காலி விளிம்பில் அழுத்துகிறது. கொஞ்ச நேரத்தில் மரத்துப் போகும். குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. முன்னால் நகர்ந்து விளிம்பில் உட்காரும். இல்லாவிட்டால் பின்னால் சரிந்து, முதுகை வளைத்துக் கொண்டு, கிட்டத்தட்டப் படுத்த மாதிரி உட்காரும். நாற்காலியின் ஆழமும் அதிகம் என்பதால் முதுகு சாய்மானத்தைத் தொடுவதே இல்லை.

அடுத்தது கை. நாம் ஏணியில் ஒற்றைக் காலில் நின்று கொண்டு சுவரில் ஆணி அடித்தால் எப்படி இருக்கும்? பாதிக் கவனம் விழாமல் இருப்பதில்தான் இருக்கும். கால் ஊன்றாத குழந்தைக்கும் அப்படித்தான். இடுப்பும் முதுகும் நிலைத்தால்தான் கையும் விரலும் வாயும் தம் வேலையைச் சரியாகச் செய்யும். சோறு சிந்துவது, பென்சிலை அழுத்திப் பிடிப்பது, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து ஓடுவது... இவற்றில் ஒரு பங்கு உட்காரும் விதத்தால் வருகிறது. சரிந்து படுத்த மாதிரி சாப்பிட்டால் புரையேறும் ஆபத்தும் கூடும்.

மூன்றாவது தோள். மேஜை உயரமாக இருந்தால் குழந்தை இரண்டு தோளையும் காதுவரை தூக்கிக் கொண்டு எழுதும். முகம் நோட்டுக்கு மிக அருகில் போய்விடும். கழுத்து வலி, கை வலி என்று சொல்ல ஆரம்பிக்கும்.

அப்படியானால் சரியாக உட்காருவது எப்படி? மூன்று மடிப்பு என்று ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். இடுப்பில் ஒரு மடிப்பு, முழங்காலில் ஒரு மடிப்பு, கணுக்காலில் ஒரு மடிப்பு. மூன்றும் ஏறக்குறைய 'ட' எழுத்து மாதிரி செங்கோணமாக இருக்க வேண்டும். உள்ளங்கால் முழுசாக ஊன்றியிருக்க வேண்டும். முழங்கையை மடித்தால் மேஜை மட்டத்துக்கு வர வேண்டும். அவ்வளவுதான்!

நார்வேயில் ஓர் அப்பா

இந்தக் கஷ்டம் நம் ஊரில் மட்டும் இல்லை. நார்வே நாட்டைச் சேர்ந்த பீட்டர் ஆப்ஸ்விக் என்ற வடிவமைப்பாளர் தன் சின்ன மகன் சாப்பாட்டு மேஜையில் கால் தொங்க, கை எட்டாமல் தவிப்பதைப் பார்த்தார். கைக்குழந்தை நாற்காலிக்கு அவன் பெரியவன், பெரியவர் நாற்காலிக்குச் சிறியவன்! மேஜையைக் குழந்தைக்காகத் தாழ்த்துவதற்குப் பதிலாகக் குழந்தையை மேஜைக்கு உயர்த்துவோம் என்று யோசித்தார். உட்காரும் பலகை, கால் வைக்கும் பலகை இரண்டையும் வேண்டிய உயரத்துக்கு ஏற்றி இறக்கும் மர நாற்காலி ஒன்றை வடிவமைத்தார். 'ட்ரிப் ட்ராப்' என்ற அந்த நாற்காலி 1972-ல் வெளிவந்தது. இன்றும் விற்கிறது.

அந்த யோசனைதான் முக்கியம். அதே வடிவத்தை நாம் காப்பி அடிக்கப் போவதில்லை. நம் ப்ளைவுட் கடையில் கிடைக்கும் பலகை, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் போல்ட், இவற்றை வைத்து எளிமையாக ஒன்று செய்யலாம். எங்கள் தெரு ஆசாரியைக் கேட்டுக் கேட்டு, இரண்டு முறை தப்புச் செய்து, மூன்றாவது முறை சரியாக வந்த நாற்காலி இது. மூன்று வயசு நிறைந்து, தானாக நிமிர்ந்து உட்காரத் தெரிந்த குழந்தைக்குத்தான் இது. அதைவிடச் சிறிய குழந்தைகளுக்கு இடுப்பையும் கவட்டையையும் சேர்த்துக் கட்டும் பெல்ட் உள்ள நாற்காலியே வேண்டும்.

முதலில் டேப்பை எடுங்கள்

வயசைப் பார்த்து அளவு வைக்காதீர்கள். ஒரே வயசில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. குழந்தையை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, பாதம் ஊன்றும்படி அடியில் புத்தகங்களை அடுக்கிவிட்டு, மூன்று அளவு எடுங்கள்.

ஒன்று: முழங்காலின் பின்மடிப்பிலிருந்து உள்ளங்கால் வரை. இது கால் அளவு.

இரண்டு: கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கச் சொல்லி, ஸ்டூலின் பலகையிலிருந்து முழங்கையின் அடிப்பாகம் வரை. இது கை அளவு.

மூன்று: பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. இதில் இரண்டு விரற்கடை கழித்தால் உட்காரும் ஆழம்.

இப்போது கணக்கு. மேஜை உயரத்தில் கை அளவைக் கழித்தால் உட்காரும் பலகையின் உயரம். அதில் கால் அளவைக் கழித்தால் கால் பலகையின் உயரம். உதாரணமாக, மேஜை 30 அங்குலம், கை அளவு 6 அங்குலம் என்றால் உட்காரும் பலகை 24 அங்குலத்தில். கால் அளவு 10 என்றால் கால் பலகை 14 அங்குலத்தில். அரை அங்குலம் முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை. மேஜைக்கு அடியில் குறுக்குச் சட்டம் இருந்தால், குழந்தையின் தொடை அதில் இடிக்காதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள். இடித்தால் உட்காரும் பலகையை ஒரு படி இறக்குங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

* 18 மி.மீ. ப்ளைவுட், நாலுக்கு நாலு அடித் துண்டு ஒன்று. தண்ணீர் பட்டாலும் பிரியாத ரகமாகக் கேளுங்கள். பலகையில் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கும். குழந்தை நாற்காலியில் பாலும் ரசமும் கொட்டாத நாள் உண்டா?
* 2 அங்குலம் அகலம், 1 அங்குலம் கனம் உள்ள தேக்கு அல்லது வேறு உறுதியான மரச் சட்டம், 9 அடி.
* 1 அங்குலச் சதுர ரீப்பர், 4 அடி.
* 6 மி.மீ. கனம், 60 மி.மீ. நீளத்தில் உருண்டைத் தலை போல்ட் 8. அதற்கு உள்ளே நைலான் வளையம் உள்ள நட் 8 (தானாகக் கழலாது). அகல வாஷர் 16.
* ஒன்றரை அங்குல மர ஸ்க்ரூ 50.
* மரம் ஒட்டும் வெள்ளைப் பசை, 80, 120, 220 நம்பர் உப்புத்தாள்.

கருவிகள்? டிரில் மெஷின், ஸ்க்ரூ டிரைவர், மூலைமட்டம், டேப், பென்சில் போதும். பலகை அறுக்கும் வேலையைக் கடையிலேயே அல்லது மரப்பட்டறையில் மெஷினில் கொடுத்துவிடுங்கள். கோணல் இல்லாமல் வரும். வீட்டில் ரம்பத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அறுக்க வேண்டிய அளவுகள்

பக்கப் பலகை 2: ஒவ்வொன்றும் 32 அங்குல உயரம், 20 அங்குல அகலம். இதில் ஒரு சின்ன வெட்டு. தரையிலிருந்து 24 அங்குலம் வரை முழு அகலமும் இருக்கட்டும். அதற்கு மேலே, பின்பக்கம் 8 அங்குலத்தை மட்டும் விட்டுவிட்டு முன்பக்கம் 12 அங்குலத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். அப்போதுதான் நாற்காலி மேஜைக்கு அடியில் நுழையும்; குழந்தையின் கையும் தாராளமாக அசையும்.

உட்காரும் பலகை 1: 14 அங்குல அகலம், 12 அங்குல ஆழம். கால் பலகை 1: இதே அளவு. முதுகுப் பலகை 1: 14-க்கு 7. குறுக்குப் பலகை 2: 14-க்கு 6.

சட்டத்தில் 28 அங்குலத் துண்டு 2 (அடிக்கட்டை), 10 அங்குலத் துண்டு 4 (தாங்கு கட்டை). ரீப்பரில் 6 அங்குலத் துண்டு 4, 7 அங்குலத் துண்டு 2.

துளை போடும் சூட்சுமம்

இந்த நாற்காலியின் உயிரே துளை வரிசையில்தான் இருக்கிறது. இடது பக்கத் துளையும் வலது பக்கத் துளையும் நேருக்கு நேர் இல்லாவிட்டால் பலகை கோணலாக உட்காரும். அதற்கு ஆசாரி ஒரு வழி சொன்னார். "ரெண்டு பலகையையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுக் கட்டிடுங்கம்மா. ஒரே குத்துல ரெண்டுலயும் துளை விழும். அளக்குற வேலையும் பாதி."

கட்டிவிட்டீர்களா? இனி மேல் பலகையில் பென்சிலால் மூன்று நேர்கோடு போடுங்கள். பின் விளிம்பிலிருந்து 6, 12, 17 அங்குலத்தில் ஒவ்வொன்று.

கால் பலகைக்கு: 12, 17 அங்குலக் கோடுகளில், தரை விளிம்பிலிருந்து 3¼ அங்குலத்தில் ஆரம்பித்து, ஒன்றரை அங்குல இடைவெளியில் ஏழு ஏழு துளை.

உட்காரும் பலகைக்கு: 6, 12 அங்குலக் கோடுகளில், 16¼ அங்குலத்தில் ஆரம்பித்து, அதே ஒன்றரை அங்குல இடைவெளியில் ஐந்து ஐந்து துளை.

மொத்தம் 24 துளை. பலகையின் மேல்மட்டம் துளையைவிட 1¾ அங்குலம் மேலே வரும். ஆகவே கால் பலகையை 5 முதல் 14 அங்குலம் வரையும், உட்காரும் பலகையை 18 முதல் 24 அங்குலம் வரையும் ஏற்றி இறக்கலாம். டிரில்லில் ஆறரை மி.மீ. பிட் போடுங்கள். அடியில் ஒரு வேண்டாத பலகையை வைத்துக் கொண்டால் துளையின் மறுபக்கம் பிய்ந்து வராது.

இங்கே என் முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். உறுதியாக இருக்கட்டும் என்று தடித்த போல்ட் வாங்கி, பெரிய துளையாகப் போட்டோம். மறுநாளே சின்னவன் காலித் துளையில் சுண்டுவிரலை விட்டு, எடுக்க முடியாமல் அலறினான். தேங்காய் எண்ணெய் தடவித்தான் விரலை மீட்டோம். 7 முதல் 12 மி.மீ. வரை உள்ள துளைகளும் இடுக்குகளும் குழந்தைகளின் விரலுக்குப் பொறி மாதிரி. ஆகவே 6 மி.மீ. போல்டே போதும். பலகைக்கு நாலு போல்ட் இருப்பதால் பலத்துக்குக் குறைவில்லை.

பூட்டும் முறை

முதலில் பலகைகளின் எல்லா ஓரங்களையும் உப்புத்தாளால் தேய்த்து மழுங்க வையுங்கள். 80 நம்பரில் தொடங்கி 220-ல் முடியுங்கள். மூலைகளைப் பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் வளைவு அளவுக்கு உருட்டிவிடுங்கள். கன்னத்தை வைத்துத் தேய்த்தாலும் சிராய் குத்தக் கூடாது. அதுதான் அளவுகோல்!

அடுத்து, ரீப்பர் துண்டுகளைக் குறுக்குப் பலகைகளின் இரு முனைகளிலும் பசை போட்டு ஸ்க்ரூவால் பிணையுங்கள். முதுகுப் பலகைக்கும் அப்படியே, ரீப்பர் பின்பக்கம் வரும்படி. ஸ்க்ரூ போடும் முன் மெல்லிய பிட்டால் சின்ன வழித்துளை போட்டுக் கொண்டால் மரம் பிளக்காது.

இனி பக்கப் பலகைகள் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துங்கள். ஒரு குறுக்குப் பலகையைத் தரையிலிருந்து 2 அங்குலம் மேலேயும், இன்னொன்றை அதன் மேல் விளிம்பு 20 அங்குல உயரத்தில் வரும்படியும், இரண்டையும் பின் ஓரத்தில் பொருத்துங்கள். முதுகுப் பலகையை 25 முதல் 32 அங்குல உயரத்துக்குள், பின் ஓரத்திலிருந்து 4 அங்குலம் முன்னே தள்ளிப் பொருத்துங்கள். இதனால் முதுகின் இருபுறமும் 4 அங்குலத்துக்குத் தடுப்பு கிடைக்கிறது. மூலைமட்டத்தை வைத்துச் சரிபார்த்து, பசை காயும்வரை ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள்.

அடுத்து அடிக்கட்டை. இதுதான் நாற்காலியின் காப்பு! பக்கப் பலகைகளின் வெளிப்புறம், தரையோடு தரையாக, முன்னால் 2 அங்குலமும் பின்னால் 6 அங்குலமும் நீட்டிக் கொண்டிருக்கும்படி பசையும் நாலு ஸ்க்ரூவும் போட்டு இறுக்குங்கள். முனைகளை உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் போகிற வருகிறவர் கால் விரலைப் பதம் பார்க்கும். எங்களுடைய இரண்டாவது தப்பு இதை வைக்காமல் விட்டதுதான். பெண் மேஜையைக் காலால் உதைத்துத் தள்ளினாள், நாற்காலி பின்னால் சாய்ந்தது. நல்லவேளை, பின்னால் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். பிடித்துவிட்டார்.

அடிக்கட்டையின் கீழே ரப்பர் புஷ் அடிக்காதீர்கள். தரையைக் கவ்விப் பிடிக்கும் நாற்காலி தள்ளும்போது கவிழும். வழுக்கி நகரும் நாற்காலி கவிழாது, பின்னால் போய் நிற்கும்.

கடைசியாகத் தாங்கு கட்டைகள். உட்காரும் பலகையின் கீழே, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று. கட்டை பலகையின் முன்னும் பின்னும் ஓர் அங்குலம் உள்ளடங்கி இருக்கட்டும். பலகையின் மேலிருந்து மூன்று மூன்று ஸ்க்ரூ. தலை மரத்துக்குள் அமுங்க வேண்டும். கால் பலகைக்கும் இப்படியே. பசை காய்ந்ததும் பலகையை அதன் இடத்தில் பிடித்துக் கொண்டு (உட்காரும் பலகையின் பின் விளிம்பு பின் ஓரத்திலிருந்து 4 அங்குலத்தில், கால் பலகையின் முன் விளிம்பு முன் ஓரத்தோடு ஒட்டி) பக்கப் பலகையின் துளை வழியாகவே கட்டையிலும் துளை போடுங்கள். தனியாக அளக்க வேண்டாம், தவறும் வராது. போல்டின் தலை வெளியே, நட் உள்ளே பலகைக்கு அடியில். இருபுறமும் வாஷர் போட்டு ஸ்பேனரால் இறுக்குங்கள். காதுள்ள நட் வேண்டாம். உங்கள் வீட்டு வாண்டு இரண்டே நாளில் கழற்றிவிடும்!

கால் பலகைக்குப் பதில் ஒரு உருட்டுக் கம்பு வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. கம்பில் பாதத்தின் நடுப்பகுதி மட்டும் படும், கால் வழுக்கும். குதிகால் முதல் விரல் வரை பலகையில் பதிய வேண்டும்.

உட்காரும் ஆழம் சின்னக் குழந்தைக்கு அதிகமாக இருந்தால், முதுகுக்குப் பின்னால் கெட்டியான தட்டைத் திண்டு ஒன்றை நாடாவால் முதுகுப் பலகையோடு கட்டிவிடுங்கள். உட்காருமிடத்தில் மெத்து மெத்தென்ற தலையணை மட்டும் வேண்டவே வேண்டாம். தையல் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன்!

பெயின்ட் விஷயத்தில் ஜாக்கிரதை

சின்னக் குழந்தைகள் நாற்காலி ஓரத்தைக் கடிக்கும், நக்கும், பெயின்டைச் சுரண்டி வாயில் போடும். பெயின்டில் ஈயம் இருந்தால் அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது. நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஆகவே பரணில் கிடக்கும் பழைய டின்னைத் தூசு தட்டி எடுக்காதீர்கள். புது டின்னில் ஈயம் பற்றிய குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள். தண்ணீரில் கலக்கும் வார்னிஷ் அல்லது அரக்கு பாலிஷ் இரண்டு கை அடித்தாலும் நன்றாகவே இருக்கும். பலகையின் வெட்டுப் பக்கங்களில் ஒரு கை கூடுதலாக அடியுங்கள். தண்ணீர் உள்ளே போவது அங்கேதான். வாடை முழுசாகப் போகும்வரை காற்றாட வைத்துவிட்டுப் பிறகு குழந்தையை உட்கார வையுங்கள்.

அரிசி மூட்டைப் பரீட்சை

குழந்தை ஏறும் முன் அரிசி மூட்டை ஏறட்டும்! 25 கிலோ மூட்டை இரண்டை உட்காரும் பலகையில் அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பலகை வளைந்திருக்கிறதா, ஸ்க்ரூ அசைந்திருக்கிறதா, 'கிறீச்' சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு மூட்டையை வைத்துக் கொண்டு முதுகுப் பலகையைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். கால் பலகையின் முன் ஓரத்தைக் கையால் ஊன்றி அழுத்திப் பாருங்கள். முன்னும் பின்னும் தூக்கக் கூடாது. தூக்கினால் அடிக்கட்டையின் நீளத்தைக் கூட்டுங்கள்.

அதற்கப்புறம் மாதம் ஒரு தரம் போல்ட்களை இறுக்குங்கள். கரன்ட் பில் தேதி மாதிரி ஒரு நாளை வைத்துக் கொண்டால் மறக்காது. நாலு மாதத்துக்கு ஒரு தரம் மறுபடி டேப்பை எடுத்து அளந்து, தேவையானால் பலகையை இறக்குங்கள். நாற்காலியில் குழந்தை இருக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நின்று ஆட விடாதீர்கள்.

நாற்காலி செய்யாத காரியம்

எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் குழந்தை அதிலேயே உட்கார்ந்திருக்கப் பிறக்கவில்லை. ஐந்து வயசுக்குக் குறைந்த குழந்தைகளை நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்கார வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. பெரிய பிள்ளைகளையும் அரை மணிக்கு ஒரு தரம் எழுப்பி விடுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். மொட்டை மாடிக்கு ஓடிவிட்டு வரட்டும்.

அதேபோல, சரியான நாற்காலியிலும் குழந்தை ஒரு பக்கமாகவே சாய்ந்தால், ஒரு தோள் மட்டும் உயரமாகத் தெரிந்தால், முதுகு வலி என்று ராத்திரியில் அழுதால், உட்காரவே சிரமப்பட்டால் நாற்காலியை மாற்றிப் பயனில்லை. டாக்டரிடம் காட்டுங்கள். மூளை வாதம் போன்ற குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு உட்காரும் சாதனத்தை பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

'இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? முடியாது போலிருக்கிறதே' என்று தோன்றினால், இன்றைக்கே ஒன்று செய்யலாம். இருக்கிற நாற்காலியின் முன்னால், குழந்தையின் கால் ஊன்றும் உயரத்துக்கு, அசையாத ஒரு மரப்பெட்டியையோ தாழ்வான ஸ்டூலையோ போடுங்கள். முதுகுக்குப் பின்னால் கெட்டித் திண்டு ஒன்று. மேஜை எட்டாத குறை தீராது. ஆனால் காலாவது ஊன்றும். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

எங்கள் வீட்டில் நாற்காலி செய்து முடித்த முதல் ராத்திரி, பெண் ஏறி உட்கார்ந்தாள். காலைப் பலகையில் ஊன்றினாள். தட்டு காலியாகும்வரை ஒரு தரமும் இறங்கவில்லை. 'இன்னைக்கு என்ன பொண்ணு இவ்வளவு சமர்த்து?' என்றார் அத்தை. அவள் எப்போதும் சமர்த்துதான். உட்காரத்தான் இடம் இல்லாமல் இருந்தது.

இப்போது அவள் ஆறாம் வகுப்பு. பெரிய நாற்காலிக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு தரம் பலகையை இறக்கியபோதும் துளைக்குப் பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதி வைத்தார் என் வீட்டுக்காரர். அந்தத் தேதிகளை இப்போது சின்னவன் விரலால் தொட்டுத் தொட்டு, "அக்கா இந்தத் துளைக்கு எப்ப வந்தா? நான் எப்ப வருவேன்?" என்று கேட்கிறான். அவன் மோவாயில் தழும்பு எதுவும் இல்லை.